நான் போகாத ஞாயிற்றுக்கிழமை

அன்று எலி அறையில் இருந்தவை, எட்டுக் கூண்டுகளில் நாற்பது வெள்ளெலிகள். அவற்றுக்குத் தீனி வைக்க வந்த எஸ்தர் அக்கா இருந்தார். கேட்டில் காவலாளி இருந்தார். எங்கள் பிரிவின் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், இல்லை. சென்னையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மருந்தைச் செய்த சதீஷ் இல்லை, அவனுக்கு விடுமுறை. நானும் இல்லை. ஆனால் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் நான் இருப்பேன். காலை ஒன்பதரைக்கு வந்து, நாற்பது எலிகளையும் எடை போட்டு, கட்டிகளை அளந்து, கீழே கையெழுத்தும் போட்டிருப்பேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான். அடுத்த மாதம் வேறு பிரிவுக்குப் போகிறேன், எலி அறை இனி உங்களுடையது. கருவிகளுக்கெல்லாம் கையேடு இருக்கிறது. பாதி நான் எழுதியதுதான், படித்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பிள்ளையார்பாளையத்தில் அப்பாவும் அம்மாவும் பட்டு நெய்கிறார்கள். ஐயம்பேட்டை தாண்டி ஒரு கட்டடத்தில் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறோம் என்று முதல் மாதமே அப்பாவிடம் சொன்னேன்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்றார்.

“இன்னும் இல்லப்பா.”

“அப்ப மாசாமாசம் சம்பளம் எதுக்குக் குடுக்கறான்?”

நம் வேலையில் பெரும்பகுதி, ஒன்று ஏன் உதவாது என்று கண்டுபிடிப்பதுதான். சதீஷ் மூன்று வருடத்தில் நூற்றுப் பதினாறு பொருள்களைச் செய்து, நூற்றுப் பதினாறும் ஏதோ ஒரு படியில் விழுந்தன. நூற்றுப் பதினேழாவது விழவில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களைக் கொன்றது. எலியின் உடம்பில் வளர்த்த கட்டியையும் சுருக்கத் தொடங்கியது. பணம் போட்ட நிறுவனம் மும்பையிலிருந்து வாரம் இரண்டு முறை போன் செய்ய ஆரம்பித்தது. சதீஷின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. 117 மேலே போனால் அவனும் நீடிப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சோதனை எளிமையானது. பத்துப் பத்து எலிகளாக நான்கு குழுக்கள். முதல் குழுவுக்கு மருந்தே இல்லை. மற்ற மூன்றுக்கும் குறைந்த அளவு, நடுத்தர அளவு, உயர்ந்த அளவு. நான்கு சனிக்கிழமைகளில் ஊசி. வாரத்துக்குள் மற்ற நாட்களில் அளப்பது போக, ஒவ்வோர் ஊசிக்கும் மறுநாள் ஞாயிறன்று கட்டாயம் எடை பார்க்க வேண்டும். மருந்து உடம்பை அடித்தால் முதலில் காட்டிக்கொடுப்பது எடைதான். எலி சாப்பிடாது, ஒரே நாளில் இளைக்கும். ஞாயிற்றுக்கிழமை முறை என்னுடையது. முதல் மூன்று ஞாயிறும் போனேன், எடை போட்டேன். ஒரு குறையும் இல்லை.

நான்காவது ஞாயிறு கருட சேவை.

பிள்ளையார்பாளையத்திலிருந்து இங்கே வர ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். ஏழரைக்குக் கிளம்பினேன். காந்தி ரோட்டில் பைக்கை உருட்டக்கூட இடமில்லை. வெளியூர்க் கூட்டம், குடை, தீவட்டி, நீர்மோர்ப் பந்தல். வண்டியை ஒரு நகைக்கடை வாசலில் நிறுத்திவிட்டு நின்றேன். பெருமாள் வந்தார். கடந்து போனார். கூட்டம் கலைய இன்னும் நேரமாகும் என்று ஒரு போலீஸ்காரர் சொன்னார். வெளியே சுற்றிக்கொண்டு போகும் சாலை ஒன்று இருக்கிறது, முக்கால் மணி நேரம் கூடுதலாகும். அது எனக்குத் தெரியும். போகவில்லை. மோர் குடித்தேன், தெரிந்தவர்கள் நாலு பேரிடம் பேசினேன், பதினொன்றரைக்கு வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். வழியில்லாமல் போகாதவன் என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால் நம்பாதீர்கள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டேன். எஸ்தர் அக்கா கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். ஐயம்பேட்டைதான் அவருக்கு ஊர், சைக்கிளில் வருவார். எலிகளைப் பராமரிக்கிறவர் அவர். எடை போடுவதும் எழுதுவதும் அவர் வேலை இல்லை.

“நேத்து எங்கபா போய்ட்ட?”

“கருட சேவைக்கா. ரோடே அடைச்சிக்கினு இருந்துச்சு.”

“உங்களுக்குச் சிவன்தான சாமி? பெருமாள எதுக்குப் பாத்துக்கினு நின்ன?”

“வழியில வந்தாரு, பாத்தேன்.”

“எனக்காவது ஏதாச்சும் வேண்டிக்கினியா?”

“நீங்கதான் சர்ச்சுக்குப் போறீங்களே.”

“நேத்து நானும் போவல. இங்கதான் கெடந்தேன்.” கையைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் காட்டினார். “அந்தக் கடைசி ரெண்டு கூண்டு இருக்குது பாரு, நேத்து தீனியே தொடலபா. மூலைல குந்திக்கினு, முடிய சிலுப்பிக்கினு இருந்துச்சுங்க. இன்னிக்குப் பரவால்ல.”

கடைசி இரண்டு கூண்டுகள் உயர்ந்த அளவு மருந்து வாங்கியவை. நான் “ம்” என்றேன். நாற்பது எலிகளையும் எடை போட்டேன். அந்தப் பத்தும் சனிக்கிழமையைவிட அரை கிராம் குறைவாக இருந்தன. அரை கிராம் எப்போதும் ஏறும், இறங்கும். கட்டிகள் நன்றாகவே சுருங்கியிருந்தன. பதிவேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது.

அந்தக் கட்டத்தில் “எடுக்கவில்லை” என்று எழுதிக் காரணம் குறிக்கலாம், விதியே அனுமதிக்கிறது. எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. நான் வளர்ந்த வீட்டில் பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்கிறவர் கூப்பாடு போட மாட்டார். இரண்டு முனையையும் எடுத்து விரலால் பிணைத்துவிட்டு மேலே நெய்துகொண்டு போவார். முடிச்சு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் கைநேர்த்தி. சேலை வாங்குகிறவரிடம் “இங்கே ஓர் இழை அறுந்தது” என்று யாரும் சீட்டு எழுதி ஒட்டுவதில்லை. சனிக்கிழமை எடை இந்தப் பக்கம், திங்கட்கிழமை எடை அந்தப் பக்கம். நடுவில் விழும் எண்ணை எழுதினேன், கட்டி அளவையும் அப்படியே. ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. வேலையை அரைகுறையாக விடக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். எல்லா எண்ணும் சரியாக நடுவில் விழுந்தால் பார்க்க இயல்பாக இருக்காது என்று, சிலவற்றில் ஒரு புள்ளி கூட்டினேன், சிலவற்றில் இரண்டு புள்ளி குறைத்தேன். இழை பிணைத்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அந்த ஒன்றிரண்டு புள்ளியால்தான். பிணைக்கிறவர் அறுந்த இழையைத்தான் சேர்க்கிறார். நான் இல்லாத இழையைச் செய்தேன்.

பத்து நாள் ஓடிவிட்டன. மறுநாள் காலை பத்து மணிக்கு மும்பைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மதியம் மேடம் எங்களை உட்கார வைத்து அதை வரிவரியாகப் படித்தார். சதீஷ் பால்கோவா வாங்கி வந்திருந்தான். கட்டி சுருங்கிய படம் திரையில் வந்தபோது யாரோ கைதட்டினார்கள். பிறகு எடைப் படம். நான்கு கோடுகளும் சமமாகப் போயின. மேடம் ஆங்கிலத்தில் படித்தார், பொருள் இதுதான்: நான்காவது ஊசிக்கு மறுநாளும் எடைக்குறைவு காணப்படவில்லை, ஆகவே உயர்ந்த அளவு, வாரம் ஒருமுறை, பாதுகாப்பானது.

அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் என் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற எண்கள் எல்லாம் சேர்ந்தாலும் அதைத் தாங்காது. நான் எழுதும்போது அது பதிவேட்டின் பல கட்டங்களில் ஒன்றாகத் தெரிந்தது. படிக்கும்போது அதன்மேல் ஒரு வாக்கியம் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த வாக்கியத்திலிருந்து அடுத்த பெரிய விலங்குக்கு அளவு கணக்கிடுவார்கள். பிறகு ஒரு நாள், ஏதோ ஒரு மருத்துவமனையில், ஒரு மனுஷனுக்கு நாலாவது ஊசி போடுவார்கள்.

பால்கோவாவை வைத்துவிட்டு எஸ்தர் அக்காவிடம் போனேன்.

“அக்கா, கருட சேவை அன்னிக்குத் தீனி தொடலன்னு சொன்னீங்களே, நெசமாவா?”

“நான் எதுக்குபா பொய் சொல்றேன்?” சுவரில் தொங்கிய நாள்காட்டிக்குக் கீழே ஆணியில் குத்தியிருந்த கத்தையை எடுத்தார். தினமும் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில், எந்தக் கூண்டுக்குத் தீனி மிஞ்சியது என்று எழுதி வைப்பார். மாதக் கடைசியில் தீனி எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்வதற்காக. அந்த ஞாயிற்றுத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தது: “7, 8 கூண்டு. வெச்சது அப்பிடியே இருக்கு. குந்திக்கினு இருக்குது.”

முந்தைய மூன்று ஞாயிறுகளின் தாள்களையும் பார்த்தேன். அவற்றில் 7, 8 இல்லை.

சதீஷை ஐயம்பேட்டை டீக்கடைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அவனுக்கு முதலில் புரியவே இல்லை.

“ஆவரேஜ்தானடா போட்ட? இல்லாத கட்டிய இருக்குதுன்னு எழுதினியா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? மூணு ஞாயிறு ஒண்ணும் ஆவல. நாலாவது ஞாயிறு மட்டும் என்னா ஆயிடப்போவுது?”

“எஸ்தர் அக்கா பாத்திருக்காங்க.”

“அக்கா எலி மூஞ்சியப் பாத்து ஜோசியம் சொன்னா அது டேட்டாவா?”

“அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தவங்க அவங்கதான். நான் எலி மூஞ்சியக்கூடப் பாக்கல. என்னுது மட்டும் டேட்டாவா?”

அவன் டீயைக் குடித்து முடித்தான். பேருந்து ஒன்று வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

“மூணு வருஷம் மச்சி,” என்றான் பிறகு. “நூத்திப் பதினாறு குப்பைக்குப் போச்சு. ஒண்ணே ஒண்ணு நிக்குது. நீ மோர் குடிச்சதுக்கு அதப் போயி சாகடிக்கப்போறியா?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நீங்களும் ஒரு நாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். எதிரில் நிற்கிறவன் கெட்டவனாக இருக்க மாட்டான், உங்களுக்குப் பிடித்தவனாக இருப்பான். அவனை வாயடைக்க வைக்கும் வாதம் ஒன்று கிடைத்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால் பத்து மணி ஆகிவிடும், அறிக்கை போய்விடும். வாதம் இல்லாமலேயே நான் எழுந்து போனேன்.

மேடம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்.

“சொல்லுங்க வேலு.”

சொன்னேன். பை தோளிலேயே இருந்தது.

“எத்தன எண்?”

“நாற்பது எடை, நாற்பது கட்டி அளவு. மொத்தம் எண்பது மேடம்.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்கு. அரை மணி நேரமா சதீஷுக்கு. எஸ்தர் அக்காவுக்கு நான் வரலன்னு தெரியும். எழுதினது தெரியாது.”

“பத்து நாளா சொல்லல. இன்னிக்கு எதுக்கு?”

“அந்த வாக்கியம் மேடம். மறுநாளும் எடைக்குறைவு இல்லன்னு.”

பையை மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. “எடுக்கவில்லைன்னு அன்னிக்கே எழுதியிருந்தா நான் ஒரு திட்டு திட்டியிருப்பேன். சாயங்காலம் மறந்திருப்பேன். இப்போ நீங்க மூணு வருஷமா எழுதின மத்த எண்ணையெல்லாம் நம்பணுமா வேணாமான்னு நான் யாரப் போய்க் கேக்கறது?”

“மத்ததெல்லாம் நெசம் மேடம்.”

“அதையும் நீங்கதான சொல்றீங்க?”

இந்த ஒரு வரியை மட்டும் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் கோபத்தில் சொன்னதல்ல அது. உண்மையாகவே அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். எண்பது எண்களையும் ஒவ்வொன்றாக, பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வைத்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் சுருக்கொப்பமும் அன்றைய தேதியும். காரணம் என்ற இடத்தில் “நான் வரவில்லை. இந்த எண்களை நானே உண்டாக்கினேன்” என்று எழுதினேன். “நானே” வேண்டாம், “உண்டாக்கினேன்” போதும் என்றார்.

எஸ்தர் அக்காவை அழைத்து நாள்காட்டித் தாளில் கையெழுத்துக் கேட்டபோது அவர் பயந்துவிட்டார்.

“என்னைய எதுலயும் மாட்டி வுட்டுடாதீங்கமா. தீனிக் கணக்குக்காகத்தான் எழுதி வெச்சேன்.”

“மாட்டலம்மா. அன்னிக்குப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். அதுக்குத்தான் கையெழுத்து.”

“இங்கிலீஷ்லயா போடணும்?”

“தமிழ்லயே போடுங்க.”

போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “பெருமாளப் பாத்துட்டு நேரா இங்க வந்திருக்கலாமில்லபா,” என்றார். அவ்வளவுதான்.

அறிக்கை மறுநாள் போகவில்லை. அதற்குப் பதிலாக மேடத்தின் கடிதமும், கோடு போட்ட பக்கங்களின் நகலும், நாள்காட்டித் தாளின் நகலும் போயின. மும்பைக்காரர்கள் கத்தவில்லை. ஒரு பக்கம் பொய் என்றால் மற்றப் பக்கங்களை நாங்கள் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியாது, சோதனை முழுவதும் செல்லாது, மறுபடி செய்யுங்கள், செலவு உங்களுடையது என்று எழுதினார்கள். மேடம் என்னை வேலையை விட்டு நீக்குவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வருடம் பேனா தொடக்கூடாது என்றார். இரண்டாவது சோதனை முழுக்க நான் கூண்டு தூக்கினேன், எலியைப் பிடித்துக் கொடுத்தேன். எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

இரண்டாவது சோதனையின் நான்காவது ஞாயிறன்று எல்லோரும் இருந்தோம். மேடம், சதீஷ், எஸ்தர் அக்கா, நான். கதவைத் திறந்தவுடனே எஸ்தர் அக்கா, “ஐயோ, அதே மாதிரிதான் குந்திக்கினு இருக்குதுங்க” என்றார். எட்டாவது கூண்டில் இரண்டு அசையவில்லை. ஏழு, எட்டு இரண்டு கூண்டிலும் மீதியிருந்த எட்டு எலிகளையும் நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, சதீஷ் தராசைப் படித்தான். அவன்தான் படிப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

“பதினேழு புள்ளி ரெண்டு.”

“நேத்து?” என்றார் மேடம்.

“இருபது புள்ளி ஒண்ணு.”

அடுத்தது. “பதினாறு புள்ளி ஒம்போது.”

“நேத்து?”

“பத்தொம்போது புள்ளி எட்டு.”

எட்டையும் படித்து முடித்தான். குரல் மாறவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் உயிரோடிருந்தவை எல்லாம் தேறி, பழையபடி தின்னத் தொடங்கின. முதல் முறைபோல எதுவும் சாகாமல் இருந்திருந்தால், திங்கட்கிழமை மட்டும் வந்து பார்க்கிறவனுக்கு அரை கிராம், முக்கால் கிராம் குறைவுதான் தெரிந்திருக்கும். மருந்து உடம்பில் சேர்ந்து சேர்ந்து நாலாவது முறையில்தான் அடிக்கிறது என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாதி அளவாகக் குறைத்துப் பார்த்தோம். எலிகள் நன்றாக இருந்தன, கட்டியும் நன்றாக வளர்ந்தது. 117 அங்கே நின்றது.

சதீஷின் ஒப்பந்தம் நீடிக்கவில்லை. ஐதராபாத்தில் வேலை கிடைத்துப் போனான். போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். “நீ சொன்னதால 117 சாவல மச்சி. அது எப்பிடியும் செத்திருக்கும்,” என்றான். “அன்னிக்கு நீ போயிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நான் அப்பவே நூத்திப் பதினெட்டாவத ஆரம்பிச்சிருப்பேன்.” கை கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் சொன்னது சரி. உண்மையைச் சொன்னதற்கு நாங்கள் விலை கொடுத்ததாக இங்கே சிலர் பேசுவார்கள், உங்கள் காதிலும் விழும். அது தவறு. கொடுத்த விலை முழுவதும் அந்தக் கட்டத்தை நிரப்பியதற்கு. இப்போது நம் பதிவேட்டில் பராமரிப்பாளர் குறிப்புக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, தமிழில் எழுதலாம். எண்ணைப் பார்க்கும் முன் அதைப் படியுங்கள். “எடுக்கவில்லை” என்று எழுதிய கட்டங்களும் சில இருக்கும். இரண்டு என்னுடையவை, ஒன்று காய்ச்சல், ஒன்று தூங்கிவிட்டேன். அப்படியேதான் எழுதியிருக்கிறேன். யாரும் செத்துப்போகவில்லை.

இரண்டாவது சோதனைக்கு ஆன செலவை மேடம் எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நாற்பது எலிகள். நான்கு மாதம். பதினோரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.